நடுவில் கறுத்த கிழங்கு

1

கெட்டுப்போன உருளைக்கிழங்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். புகார் வாங்கும் மேசைக்குப் பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் இருப்பது அயர்லாந்தின் நடுவில் ஒரு சின்ன ஊர். ஒரு ஆறு, இரண்டு தேவாலயம், என் மனைவி ஷீலா நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி, ஒரே ஒரு பெரிய மளிகைக் கடை. அந்தக் கடையில் என் மகள் நிவேதா சனிக்கிழமைகளில் வேலை செய்கிறாள். பதினேழு வயது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை லீவு நாளில் கடையில் நின்று சம்பாதிப்பது இங்கே பெருமையான விஷயம். சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்காவிடம் மட்டும் ‘ட்ரெய்னிங் போறா’ என்று சொல்லி வைத்திருந்தேன்.

வழக்கமாக அவள் காய்கறிப் பக்கம் அலமாரி அடுக்குவாள். அன்றைக்கு யாரோ வரவில்லை போலிருக்கிறது, அவளைப் புகார் மேசையில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம பிள்ளை இருக்கிறாள், காரியம் சுலபமாக முடியும் என்று நினைத்தேன். ஆம்பூர் ரயில்வே கவுண்டரில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் வரும் அதே சந்தோஷம்.

“நிவி, இத பாரு” என்று தமிழில் ஆரம்பித்தேன். கிழங்குகளை வீட்டிலேயே இரண்டிரண்டாக வெட்டி எடுத்து வந்திருந்தேன். அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். வெளியே பார்த்தால் கழுவித் துடைத்த குழந்தை மாதிரி இருக்கும். உள்ளே ஒவ்வொன்றின் நடுவிலும் மை கொட்டியது போலக் கறுப்பு.

“பில் இருக்கா, சார்?” என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

சார்!

“பில்லு கெடக்குது. நீ கிழங்க பாரும்மா.”

“பில் இல்லாம என்னால ஒண்ணும் செய்ய முடியாது.” இதுவும் ஆங்கிலத்தில்தான். அவள் கண்கள் என் தோளுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தன. நானும் திரும்பிப் பார்த்தேன். குழந்தை வண்டியோடு ஒரு பெண், பால் பாக்கெட்டோடு ஒரு பெரியவர், நிவேதாவின் வகுப்புப் பையன் ஒருவன். மானம் உள்ளவன் அந்த இடத்தில் கிழங்குகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பான். நான் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

மேனேஜர் ஒரு நல்ல அம்மாள். சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்துக்கொண்டே, என்னால் முடிந்த அளவு மரியாதையாக, “ஐ ஹேவ் எ ஸ்மால் டவுட் அபவுட் யுவர் பொட்டேட்டோஸ்” என்றேன்.

நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி. வகுப்பில் கையைத் தூக்கி ‘சார், டவுட்’ என்போம், அவரும் சந்தோஷமாக வந்து சொல்லித் தருவார். இங்கே டவுட் என்றால் நீ யோக்கியனா என்று சந்தேகப்படுவது. இத்தனை வருஷமாக இங்கே இருந்தும் அது எனக்குத் தெரியாது. அந்த அம்மாளின் சிரிப்பு மெல்ல இறங்கிப் போயிற்று.

“நாங்கள் தெரிந்தே கெட்ட கிழங்கை விற்கிறோம் என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“யெஸ், யெஸ். ஐ ஆம் ஹேவிங் தட் டவுட் ஆல்சோ” என்றேன்.

பால் பாக்கெட் பெரியவர் இருமினார். மேனேஜர் அம்மாள் நிவேதாவின் பக்கம் திரும்பி, இவரைத் தெரியுமா என்பது போலப் பார்த்தார். நிவேதா தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, “இவர் என் அப்பா. ரொம்ப ரொம்ப சாரி” என்றாள்.

இந்த நாட்டில் சாரி என்பதை எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். பஸ்ஸில் நாம் அவர்கள் காலை மிதித்தால்கூட அவர்கள்தான் நமக்கு சாரி சொல்வார்கள். ஆனால் என் மகள் சொன்ன சாரி அந்த வகையைச் சேர்ந்தது இல்லை.

வேறு ஒரு மூட்டை கிழங்கை இலவசமாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் இருப்பதிலேயே கேவலம். வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தேன். அதுவும் கறுப்பு.

2

நான் ஒன்றும் கிழங்கு நிபுணன் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தவன். தயாராகி வரும் தோலை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கீறியது எங்கே, உரிக்கும்போது கத்தி பட்டது எங்கே என்று தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. பக்கத்து மேசையில் பஷீர் என்கிற தோஸ்த். நான் முதல் தரம் என்று வைத்ததை அவன் இரண்டாம் தரம் என்பான். டீ வருகிற வரைக்கும் சண்டை ஓடும். டீ வந்ததும் அந்தத் தோல் எது என்றே இரண்டு பேருக்கும் மறந்துபோயிருக்கும்.

ஷீலாவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் முதலில் போனாள். அப்புறம் ஐந்து வயது நிவேதாவைக் கூட்டிக்கொண்டு நான் வந்தேன். குடியேற்ற அலுவலகத்தில் ஒரு அதிகாரி, என்ன தொழில் என்று கேட்டார். தோல் என்று ஆரம்பித்தால் தோல் டாக்டரா என்று கேட்பார்களோ என்று பயந்து, “ஃபினிஷிங்” என்றேன். தோலுக்குக் கடைசி மெருகு ஏற்றுவதை எங்கள் தொழிற்சாலையில் அப்படிச் சொல்வோம், அது ஒரு மரியாதையான சொல்.

“எதை முடிப்பீர்கள்?” என்றார் அவர்.

“லெதர்.”

“முடித்துவிட்டீர்களா?”

“யெஸ். ஃபினிஷ்ட்.”

அவர் தலையாட்டிவிட்டு, வேலை என்ற இடத்தில் ‘இல்லை’ என்று தட்டிக்கொண்டார். அது ஒருவகையில் தீர்க்கதரிசனம். ரொம்ப நாள் வேலை கிடைக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைப் பிரித்து அடுக்குகிறேன். கிழிந்தது ஒரு பக்கம், கறை போகாதது ஒரு பக்கம். இங்கேயும் செலக்‌ஷன் டிபார்ட்மென்ட்தான் என்று பஷீரிடம் போனில் பீற்றிக்கொள்வேன்.

கை சும்மா இருக்காதல்லவா. கடைக்குப் போனால் பிளாஸ்டிக் பையின் மேலேயே கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பையை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். தோல் பச்சையாக இருக்கிறதா, முளை கிள்ளியிருக்கிறார்களா, ஒரு மூலையில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பேன். இவ்வளவும் பார்த்து வாங்கி வந்தாலும் வீட்டில் வெட்டினால் நடுவில் கறுத்திருக்கும். இல்லாவிட்டால் குளிர்க்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து சர்க்கரை மாதிரி இனிக்கும். எண்ணெயில் போட்டால் மேலே கருகிப்போகும், உள்ளே வேகாது. சாம்பாரில் போட்டால் கரைந்தே போகும். அயர்லாந்து என்றாலே உருளைக்கிழங்கு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு காலத்தில் கிழங்கு அழுகிப்போனதால் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிப் போன ஜனங்களின் நாடு இது. அவர்கள் நாட்டுக்கு விமானத்தில் வந்து இறங்கி, கிழங்கு சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான் ஒருத்தன்.

இதையெல்லாம் படிக்கிறவர்கள் கேட்கலாம், கிழங்கு கெட்டுப்போனால் வேறு எதையாவது சமைத்துத் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று. அங்கேதான் சிக்கல்.

நிவேதா பதினான்கு வயதில் கறியை விட்டாள். பள்ளியில் ஏதோ ஒரு படம் போட்டுக் காட்டினார்களாம். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றாள் ஷீலா. அடுத்து முட்டை போயிற்று. அப்புறம் பால், தயிர், நெய். கடைசியில் தோல். தோல் ஷூ, தோல் பெல்ட், தோல் கைப்பை எதையும் தொடமாட்டாள். ஒருநாள் சாதாரணமாக, “அப்பா, நீங்க இந்தியாவுல என்ன வேலை பண்ணீங்கன்னு ஃபிரெண்ட்ஸ் கேட்டாங்க. டெக்ஸ்டைல்ஸ்னு சொல்லிட்டேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் நான் சொல்லி வைத்திருந்த ‘ட்ரெய்னிங்’ நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்பது ஆராதனை முடிந்து வந்து கறிக்குழம்பு. அந்தக் குழம்பு போய்விட்டது. ஊர்ச் சாப்பாட்டில் அவளும் நானும் ஆசையாகத் தின்பது என்று மிஞ்சியது உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷீலாவுக்குப் பெரும்பாலும் டியூட்டி இருக்கும், அதனால் நான்தான் வறுப்பேன். பூண்டு தட்டிப்போட்டு, சோம்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினால் அந்த வாசனைக்கு மேல்மாடி அறையிலிருந்து கூப்பிடாமலே இறங்கி வருவாள். தட்டெல்லாம் கிடையாது. வாணலியிலிருந்தே ஒவ்வொரு துண்டாக எடுத்து ஊதி ஊதித் தின்றுகொண்டு, அந்த வாரத்துக் கதை ஏதாவது சொல்வாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் என்னோடு பேசுவது.

கிழங்கு கெட்டிருந்தால், “பரவால்லப்பா” என்று இரண்டு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள்.

மேனேஜர் அம்மாளிடம் நான் சண்டை போட்டது இதற்காகத்தான். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்ன.

3

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் வறுத்த வாசனை மேல்மாடி வரைக்கும் போயிற்று. அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த ஷீலா வாணலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கிழங்குக்காகப் பெத்த பொண்ண தலைகுனிய வெச்சீங்களே, அத நெனச்சு வறுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஊருக்குப் போக முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். கடைசி நேரத்தில் ஷீலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நிவேதாவும் நானும் மட்டும் போக வேண்டியதாயிற்று. விமானத்தில் அவள் காதில் மாட்டியதை இறங்கும் வரைக்கும் கழற்றவில்லை. நான் அவளுக்காகச் சொல்லி வைத்திருந்த சைவச் சாப்பாடு வந்தது. அதில் அவித்த உருளைக்கிழங்கு இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காதது போல இருந்தோம்.

சத்துவாச்சாரியில் மெர்சி அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். ரிட்டயர்டு டீச்சர். நெற்றியில் முத்தம் கொடுத்து, ஜெபம் பண்ணி, உட்காரவைத்து, இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும் பரிமாறினாள். நிவேதாவுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பேசும்போதுதான் சொற்கள் நழுவும். உயிருள்ள எதையும் தின்னமாட்டேன் என்று சொல்ல நினைத்தவள், கையைக் குறுக்கே வைத்து, “எனக்கு உயிர் வேணாம் அத்தை” என்றாள்.

அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். “ஐயோ கர்த்தரே! இன்னாடா சாமு, புள்ள இப்டி சொல்லுது! அங்க யார்னா எதுனா சொன்னாங்களா? பாஸ்டர வரச் சொல்லட்டா?”

நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இட்லி ஆறிப்போயிற்று. விஷயம் புரிந்ததும் அக்கா உற்சாகமானாள். “இவ்ளோதானா? உருளைக்கிழங்கு வறுத்துத் தர்றேன் இரு” என்று போனை எடுத்து ஏதோ தட்டினாள். நாங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு இளைஞன் வண்டியில் வந்து பையைக் கொடுத்துவிட்டுப் போனான். அதே பிளாஸ்டிக் பை. அதே கழுவித் துடைத்த முகம். நான் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சை.

“அக்கா, இது வேணாம். நான் லாங் பஜார் போய் வாங்கிட்டு வர்றேன். நிவி, நீயும் வா. நல்ல கிழங்குன்னா இன்னான்னு பாரு” என்றேன்.

இத்தனை வருஷமாக அவளிடம் லாங் பஜார் கிழங்கைப் பற்றி அளந்து வைத்திருந்தேன். மண் வாசனை, கைக்கு அடங்கும் உருண்டை, வெட்டினால் வெண்ணெய் நிறம், வறுத்தால் மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதை நிரூபிக்கும் நாள் வந்துவிட்டது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பஜாரில் தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அது பயத்தினால்தான், பாசத்தினால் இல்லை என்று தெரிந்தாலும் எனக்கு இதமாக இருந்தது.

ஒரு கடையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தடவி, திருப்பி, வெயிலில் காட்டிப் பொறுக்க ஆரம்பித்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

“இன்னா சார், கிழங்கு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?”

பக்கத்தில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நிவேதாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நான் ஆம்பூர் ஃபேக்டரில செலக்‌ஷன்ல இருந்தவன்” என்றேன்.

“அது தோலு சார். இது கிழங்கு. உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாது. ரொம்ப பேஜார் பண்ணாத, எடு.”

இரண்டு கிலோ பொறுக்கினேன். வாழ்நாளில் இவ்வளவு கவனமாக எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. ஷீலாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இதில் பாதி நேரம்தான் ஆகியிருக்கும்.

வீட்டில் அக்கா முறத்தைப் போட்டு உட்கார்ந்து வெட்டினாள். முதல் கிழங்கு நன்றாக இருந்தது. நான் நிவேதாவைப் பார்த்தேன். இரண்டாவதில் நடுவில் கறுப்பு. மூன்றாவதும் கறுப்பு. நான்காவது முழுக்க அழுகியிருந்தது. அக்கா எதுவும் நடக்காதது போலக் கெட்டதைச் சீவி ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நல்லதை மட்டும் தண்ணீரில் போட்டுக்கொண்டே போனாள்.

“இன்னாக்கா இது? நம்ம காலத்துல லாங் பஜார் கிழங்கு எப்டி இருக்கும்!” என்றேன்.

“எப்டி இருக்கும்? இப்டித்தான் இருக்கும்.” அக்கா தலையை நிமிர்த்தவில்லை. “அம்மா பாதிய சீவிப் போட்டுட்டு மீதியத்தான் வறுப்பாங்க. உக்காந்து சீவிக் குடுத்தவ நானு. உன் தட்டுக்கு வந்தது மட்டும்தான உனக்குத் தெரியும்.”

நிவேதா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால் சிரித்தாள். அப்புறம் சோபாவில் சரிந்து விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடையில் நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் என் முன்னால் சிரிப்பது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கிக்கொண்டு, “அப்பா, அந்த அங்கிள்கிட்ட டவுட் கேட்டீங்களா?” என்றாள்.

என்ன டவுட் என்று அக்கா கேட்டாள். நிவேதா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அயர்லாந்துக் கடையில் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, என் ஆங்கிலத்தை என்னைப் போலவே பேசிக் காட்டிச் சொன்னாள். அவள் அங்கே வேலை செய்கிறாள் என்பதும் அதோடு வெளியே வந்துவிட்டது. நான் பயந்து போய் அக்காவைப் பார்த்தேன். அக்கா, “உன் மவ கைக்காசு சம்பாதிக்கிறா. அத ஏண்டா ட்ரெய்னிங்னு சொன்ன?” என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மிஞ்சிய கிழங்கில் ஒரு சின்னக் கிண்ணம் வறுவல்தான் தேறியது. நான் கை வைப்பதற்குள் அவர்களே அதையும் காலி செய்துவிட்டார்கள்.

4

ஆம்பூருக்குப் போகாமல் திரும்ப முடியாது. பஷீர் நாங்கள் வந்ததிலிருந்து தினமும் போன் பண்ணினான். அவன் இப்போது தொழிற்சாலையில் இல்லை. வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, நாலைந்து தையல் மெஷின் வைத்துக்கொண்டு தோல் பை தைத்துக் கொடுக்கிறான். “வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்புறம் வந்துடு. நூர்ஜஹான் பிரியாணி போடறா. பாப்பாவ கண்டிப்பா இட்டுனு வா” என்றான்.

ஆம்பூரில், தோல் தைக்கிற வீட்டில், பிரியாணிக்கு முன்னால் என் மகளைக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “பாப்பாக்குக் கொஞ்சம் வயிறு சரியில்ல பஷீர், ஒண்ணும் சாப்பிடமாட்டா” என்று சொல்லி வைத்தேன்.

காரில் போகும்போது, “அங்கிள்கிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கீங்க?” என்று நிவேதா கேட்டாள்.

“வயிறு சரியில்லன்னு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஷீருக்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி நூர்ஜஹான் பாபி உள்ளேயிருந்து ஓடிவந்து, “அல்லா, இவ்ளோ பெருசாய்ட்டாளா!” என்று நிவேதாவின் கன்னத்தைத் தடவினாள். உட்கார்ந்ததும் பஷீர் உள்ளே போய் ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து வந்தான். பிரித்தான். தேன் நிறத்தில் ஒரு தோள்பை. மெல்லிய தோல், நேர்த்தியான தையல். ஒரு தழும்பு இல்லை. என் கை தானாகவே போய் அதைத் தடவியது. முதல் தரம். அதில் சண்டை போட எனக்கு ஒன்றுமே இல்லை.

“பாப்பாக்காக நானே தோல் பொறுக்கி, நானே தெச்சது. இந்தாம்மா, காலேஜுக்கு மாட்டினு போ” என்று நீட்டினான்.

நான் நிவேதாவைக் கண்ணால் கெஞ்சினேன். வாங்கிக்கொள், அப்புறம் எங்காவது வைத்துவிடலாம். அவள் எழுந்து நின்று, பையை இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

“ரொம்ப அழகா இருக்கு அங்கிள். ஆனா நான் லெதர் யூஸ் பண்ணமாட்டேன். கறி, பால், நெய் கூட சாப்பிடமாட்டேன். எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு. அப்பா உங்ககிட்ட சொல்ல கஷ்டப்பட்டாங்க.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீங்க எனக்காக செஞ்சீங்க. அதனால பொய் சொல்லி வாங்கினா தப்பு. இத அம்மாக்கு எடுத்துட்டுப் போலாமா?”

ஒரு சொல் நழுவவில்லை. காரில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

பஷீர் என் பக்கம் திரும்பினான். அந்தக் கூடத்தில் ஒரு பள்ளம் இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

“இன்னா சாமு, எங்கிட்டயா மறைக்கிற?” என்றான். அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தான். “நம்ம ஊட்லயும் ஒண்ணு இருக்குது, என் பையன். ஷெட்டு வாசனைக்கே வரமாட்டான், மூக்கப் பொத்திக்குவான். ஆனா நேரா சொல்லமாட்டான், தலவலின்னுவான். உன் பொண்ணு நேரா சொல்லுது. நீ குடுத்துவெச்சவன். அம்மாக்கே குடும்மா, நல்லா மாட்டிக்கட்டும்.”

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பாபி நிவேதாவுக்கு வெறும் சோறு வைத்து, எண்ணெய்க் கத்திரிக்காயை ஊற்றினாள். தன் தட்டிலும் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தவள் நிறுத்திவிட்டாள். “அவ்ளோ தூரத்துலருந்து வந்த புள்ளைக்கு வெறும் கத்திரிக்காயா? இரும்மா, உருளைக்கிழங்கு வறுத்து எடுத்தாறேன்” என்று எழுந்தாள். நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. அவளுடைய சோறு ஆறிக்கொண்டிருக்க, சமையல்கட்டில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

பாபி சுடச்சுடக் கொண்டுவந்து நிவேதாவின் தட்டில் கொட்டினாள். எனக்கு எதிரே இருந்த தட்டுதான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேலே கருகிய நிறம். ஒன்றிரண்டு துண்டுகளின் நடுவில் அந்தக் கறுப்பு. பாபி கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள்.

நிவேதா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லுவது ஒரு நொடி நின்றது. நான் வாயைத் திறந்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றாள்.

“அப்டியா! நல்லா போட்டுக்கோ” என்று பாபி இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். நிவேதா அதையும் தின்ன ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் சோற்றில் மறைத்து, மெதுவாக, முகம் மாறாமல் தின்றாள். எங்கள் வீட்டு வாணலியிலிருந்து இரண்டு துண்டோடு மேலே போய்விடுகிற பெண் இவள்தானா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டில் ஒரு குன்று மிச்சம் இருந்தது.

என் தட்டில் ஆம்பூர் பிரியாணி இருந்தது. பல வருஷமாக நான் கனவு கண்ட பிரியாணி. அதை ஓரமாக ஒதுக்கி இடம் பண்ணினேன். “எனக்கும் கொஞ்சம் கிழங்கு குடு நிவி” என்று கையை நீட்டி, அவள் தட்டிலிருந்து பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டேன். கறுப்பாக இருந்ததையெல்லாம் பார்த்துப் பொறுக்கினேன்.

“இன்னாடா இது, பிரியாணிய வுட்டுட்டு கிழங்கு துன்ற!” என்றான் பஷீர்.

நான் ஒரு துண்டை மென்றேன். மேலே கருகல், உள்ளே வேகவில்லை, நடுவில் கசப்பு. இதைவிட நல்ல கிழங்கையெல்லாம் நான் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பாபி சந்தேகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசமா நல்லா இருக்குதாண்ணா? இப்பல்லாம் கடைல கிழங்கே சரியா வர்றதில்ல. உங்க ஊர்ல எல்லாம் கிழங்கு நல்லா இருக்கும் இல்ல?”

எதிரே நிவேதா மெல்லுவதை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

“இந்த ருசி எங்கயும் வராது பாபி” என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினேன். “இன்னும் ஒரு கரண்டி போடுங்க.”